சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழம்

லூபோக் சீனா
3 அக்டோபர் 2024

அன்பு மகள் திலகவதிக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். உன் அப்பா நாகமுத்து. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, யாரும் என் கையைப் பிடிக்கவும் இல்லை. கோடு போட்ட தாளில் காலையில் உட்கார்ந்தேன். இப்போது பக்கத்து வீட்டில் மத்தியானச் சோறு வேகிற வாசனை வருகிறது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று பிரிஜிட் டீச்சர் சொன்னார். நான் நலம்தான். நீ நலமா என்றுதான் சரியாகத் தெரியவில்லை. அதனால் அதை எழுதவில்லை.

மாதா கோயில் மண்டபத்தில் டீச்சர் நடத்தும் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது நீ சிரித்தாய். எழுபத்து மூன்று வயதில் எதற்கப்பா என்றாய். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆம்பிளை. மற்றதெல்லாம் பெண்கள். எல்லாரும் என்னைவிட வேகம். 'ழ' எழுதும்போது பேனா என் கையை விட்டு ஓடப் பார்க்கும். "மாட்டை இழுக்கிற மாதிரி இழுக்காதீங்கய்யா, விடுங்க, அதுவா வரும்" என்பார் டீச்சர். வந்துவிட்டது பார். மழை. பழம். கிழவன். மூன்றும் எழுதிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். நான் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன். ஆபீசில் இருந்த மலாய்ப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கைநாட்டா என்று கேட்டது. இல்லை, நான் எழுதுவேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று முழுப் பெயரையும் எழுதினேன்.

தாய்லாந்துக்குப் போகிறேன். உன் மகன் கிஷன் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறான். "தாத்தா, ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றான். அவன் முன்னாலேயே போய்விடுவான், நான் வேனில் போகிறேன். அவன் மோட்டாருக்குச் சக்கரம், எஞ்சின் வேலை செய்யும் பவன் என்னோடு வருகிறான்.

நீ கிஷனோடு பேசி இரண்டு தீபாவளி போய்விட்டது. மூன்றாவதும் வருகிறது. போனில் அவன் பெயரை எடுத்தாலே, சாப்பிட்டீங்களாப்பா என்று நீ பேச்சை மாற்றுவாய். கடிதத்தில் மாற்ற முடியாது. நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுதுவதில் இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவனுக்கு ஏதாவது சொல்லி அனுப்பு. நல்ல வார்த்தையாக ஒன்று போதும்.

உன் அப்பா,
நாகமுத்து


புக்கிட் பெருவாங்
6 அக்டோபர் 2024

அப்பாவுக்கு,

நீங்கள் படிப்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் என் லைனில் இருக்கிற எல்லாருக்கும் காட்டினேன். என் அப்பா எழுதியது என்று சொன்னேன். முதல் பக்கத்தைத்தான் காட்டினேன். இரண்டாவது பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நல்ல வார்த்தை கேட்கிறீர்கள். என்னிடம் இருந்தால் கொடுக்க மாட்டேனா?

அவன் அப்பா பந்தயம் ஓட்டவில்லை. வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வந்தார். மழை. ஆயர் குரோ சிக்னல். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவருடைய மழைக்கோட்டை மடித்து என் கையில் கொடுத்தார்கள். அது ஒரு இடத்திலும் கிழியவில்லை. அப்போது கிஷன் என் இடுப்பு உயரம். அந்தக் கோட்டின் ஒரு கையை அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் பார்த்த பிள்ளை. அவன் போய் மோட்டாரில் ஏறி, அதுவும் பந்தயத்தில் ஏறி, "எனக்கு இதுதான்மா தெரியும்" என்றால் நான் என்ன செய்ய? மோட்டார் வேணுமா அம்மா வேணுமா என்று கேட்டேன். அவன் ஹெல்மெட்டை எடுத்தான். அதுவே பதில்.

நீங்கள் போய்ப் பார்த்துக் கைதட்டுங்கள். தடுக்க மாட்டேன்.

பவனிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். உள்ளே நம் எஸ்டேட் முனியாண்டி கோயிலில் சூலத்தில் குத்தி வைத்து எடுத்த எலுமிச்சம்பழம் இரண்டு. ஓட்டத்துக்குப் போகும்போது முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று வையுங்கள். புது வண்டிக்கு வைப்போமே, அப்படி. அவன் ஏற்றி நசுக்கிவிட்டுப் போகட்டும். நான் கொடுத்தேன் என்று சொல்லக் கூடாது. ஏன் என்று நீங்கள் என்னைக் கேட்கவும் கூடாது.

சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

திலகவதி


தாய்லாந்து
12 அக்டோபர் 2024, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

இந்த ஊரின் பெயரைப் பவன் மூன்று தடவை சொன்னான். வாயில் நுழையாததைக் கையால் எப்படி எழுதுவது? அதனால் தாய்லாந்து என்று போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பினால் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேனாம். பவன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். நீயும் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. போன் எழுத்து எனக்கு எறும்பு மாதிரி இருக்கிறது.

எல்லையில் ஆபீசர் உன் டப்பாவைத் திறந்து பார்த்தார். குங்குமம் வைத்த பழத்தைப் பார்த்து முழித்தார். "டோம் யாம் சூப்புக்கு" என்றான் பவன், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். அவர் விட்டுவிட்டார். வேன் கிளம்பியபிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டு அவரும் சிரித்தார்.

இங்கே வந்ததிலிருந்து மழை. எனக்கு எல்லாம் அதிசயமாக இருக்கிறது. மோட்டார் சக்கரத்துக்குக் கம்பளி போர்த்துகிறார்கள் திலகா. சுடச்சுட இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்குமாம். மழைக்கு வேறு சக்கரம். நம் ரப்பர் மரத்தில் வெட்டுப் போடுகிற மாதிரி அதில் வெட்டு இருக்கிறது, தண்ணீர் ஓடுவதற்கு. இதை நான் சொன்னதும் பவன் எல்லாரையும் கூப்பிட்டு, "எங்க தாத்தா எஞ்சினியர்லா" என்றான்.

உன் மகன் எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறான். "தாத்தா, குழாய்ல சிவப்புப் பக்கம் திருப்பாதீங்க, தோல் உரிஞ்சிடும்." "தாத்தா, அந்தச் சாஸை ஊத்தாதீங்க, செத்துருவீங்க." நாள் முழுக்க எனக்குச் சட்டம் போடுகிறான். உன் குரல்தான், மீசை மட்டும் வேறு.

இன்று ரொட்டி சாப்பிடும்போது கேட்டான், "அம்மா இன்னும் ரெண்டு ஷிஃப்ட் செய்யறாங்களா தாத்தா?"

"நீயே கேளேன்டா."

"எடுக்க மாட்டாங்களே. ரிங் போவுது தாத்தா. முழுசா போவுது. எடுக்கவும் மாட்டாங்க, கட் பண்ணவும் மாட்டாங்க."

நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றாய். நாக்கு நுனிவரை வந்தது.

நாளைக்கு ஓட்டம்.

அப்பா


ஆஸ்பத்திரி
14 அக்டோபர் 2024

திலகவதிக்கு,

நேற்றே பவன் கூப்பிட்டுச் சொன்னான். பிறகு நானும் பேசினேன். உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையிலிருந்து மழை விடவில்லை. கம்பளியை எடுத்துவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வரும்போது நான் குனிந்து பழத்தை வைத்தேன். பவன் அலறிவிட்டான். "தாத்தா! டயர்ல என்ன வைக்கிறீங்க? சீஃப் பார்த்தா என்னைக் கொன்னுருவார்லா!"

கிஷன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். "யார் குடுத்தா தாத்தா?"

"இங்க மார்க்கெட்ல வாங்கினேன்."

"மார்க்கெட் பழத்துல குங்குமம் இருக்குமா? முனியாண்டிப் பழம் இது." கொஞ்ச நேரம் பழத்தையே பார்த்தான். "அம்மாவா?"

'இல்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே போய்விட்டது.

"கோபம் போயிடுச்சு" என்றான். அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. மெதுவாக ஏற்றினான். முன் பழம் நசுங்கியது, பின் பழம் நசுங்கியது. போகும்போது சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். அவன் இருபத்து நான்கு வயது ஆள் மாதிரி இல்லை அப்போது, சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

ஓட்டத்தைப் பற்றி உனக்குக் கேட்கப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யார் உனக்குச் சொல்வார்கள்? மோட்டார்களுக்குப் பின்னால் தண்ணீர் புகை மாதிரி எழும்பியது. எண் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. பெரிய திரையில்தான் பார்க்க முடிந்தது. கோழி வறுத்து விற்கிற ஒரு தாய்க்கார அம்மா தன் பிளாஸ்டிக் விரிப்பில் பாதியை என் தலைமேல் போட்டாள். அவளுக்கு நான் பேசுவது தெரியாது, எனக்கு அவள் பேசுவது தெரியாது. நீலச் சட்டை என் பேரன் என்று கையால் காட்டினேன். அதிலிருந்து அவளும் நீலச் சட்டைக்குக் கத்தினாள். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டான். நான் எழுந்து நின்று, "ஓட்டுடா, ஓட்டுடா" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதை உன்னிடம் மறைக்க முடியாது.

ஒரு வளைவில் முன் சக்கரம் வழுக்கியது. அவன் தண்ணீரில் சறுக்கிக்கொண்டே போனான். சறுக்கல் நின்றது. ஒன்றும் ஆகவில்லை, கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். நான் பார்த்தேன். அப்போது அந்தப் புகைக்குள்ளிருந்து இன்னொரு மோட்டார் வந்தது. உடனே திரையில் வேறு படம் போட்டுவிட்டார்கள். கூடாரம், குடை, மேகம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது உயிருக்குப் பயம் இல்லை என்கிறார்கள். நேற்று வலது காலில் ரத்தம் ஓடவில்லை. அதை எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவான் என்றார் டாக்டர். அவன் மயக்கத்தில் இருந்தான். உறவு என்று இங்கே நான் ஒருவன். பவன் உன்னைக் கேட்டபோது, அப்பா பார்த்துக்கட்டும் என்றாயாம். சம்மதத் தாளையும் பேனாவையும் கொடுத்தார்கள். நாகமுத்து என்று எழுதினேன். ஒரு எழுத்தும் கோணவில்லை. கோணியிருந்தால் மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

முழங்காலுக்குக் கீழே இல்லை, திலகா.

பழச்சாறு டயரில் ஒட்டி வழுக்கியிருக்குமா என்று பவனைக் கேட்டேன். "தாத்தா, அந்த மழையில ஒரு ரவுண்டு போனாலே சோப்பே கழுவிட்டுப் போயிடும். ரோட்டுல வெள்ளைக்கோடு, அதுல ஏறிட்டான். சும்மா இருங்கலா" என்கிறான். நூறு தடவை கேட்டுவிட்டேன். நூறு தடவையும் அதையேதான் சொல்கிறான். ஆனால் வைத்தது என் கைதானே.

கிளம்பி வா. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

அப்பா


புக்கிட் பெருவாங்
16 அக்டோபர் 2024

அப்பா,

இதைப் பவன் படிக்கக் கூடாது. படத்தை உங்களுக்குத் திறந்து கொடுத்துவிட்டு அவன் வெளியே போகட்டும்.

டயரையும் பழச்சாற்றையும் நினைத்து நீங்கள் அழ வேண்டாம். உங்கள் கை ஒன்றும் செய்யவில்லை.

அந்தப் பழம் காவலுக்கு வைத்தது இல்லை அப்பா. ஏன் என்று கேட்கக் கூடாது என்று எழுதினேனே, இப்போது நானே சொல்கிறேன். முனியாண்டி முன்னால் நின்று நான் அவன் ஜெயிக்கணும் என்று கேட்கவில்லை. பத்திரமாக இருக்கணும் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் இனிமேல் அந்த மோட்டாரில் ஏறவே கூடாது, ஏற முடியாமல் பண்ணு என்று கேட்டேன். அப்படிக் கேட்டுத்தான் பழத்தைச் சூலத்தில் குத்தினேன். இந்த வாயால் கேட்டேன். சுருட்டு வைத்து, பியர் ஊற்றி, சேவல் நேர்ந்துகொண்டு கேட்டேன். பூசாரிகூட, "என்னம்மா, மகனுக்கா, நல்லா ஓட்டுவான்" என்றார். நான் விபூதியை வாங்கிக்கொண்டேன்.

எஞ்சின் கெட்டுப்போகும், டீமில் எடுக்காமல் விடுவார்கள், அவனே சலித்துப்போவான், இப்படித்தான் நினைத்தேன். சாமிக்கு எப்படிச் செய்யணும் என்று நான் சொல்லவில்லை.

அதை அவன் நான் கொடுத்த ஆசீர்வாதம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறான். நீங்கள் அந்த வரியை எழுதாமலே இருந்திருக்கலாம். அதை வாசித்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

என்னை வா என்கிறீர்கள். எந்த முகத்தோடு வருவேன்? நான் கேட்டது அங்கே கட்டிலில் படுத்திருக்கிறது. என்னால் பார்க்க முடியாது. அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

திலகவதி


ஆஸ்பத்திரி
19 அக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மரத்தடியில் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தானே படிக்க வரும். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. படித்து முடிக்கும்போது, இந்தக் கிழவன் படிக்கக் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது இதுதான் முதல் தடவை.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. பேனாவை எடுக்கவில்லை. கோபத்தில் எழுதினால் அது தாளிலேயே இருந்துவிடும். டீச்சர் இதைச் சொல்லித் தரவில்லை, எனக்கே தெரிந்தது. அதனால்தான் பதில் தாமதம்.

நீ கேட்டதை எழுதினாய். நான் கேட்டதையும் சொல்கிறேன். பழத்தை வைக்கும்போது நானும் சும்மா வைக்கவில்லை. முனியாண்டி, பையன் முதலில் வரட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று கேட்டேன். ஒரே பழத்தில் நீ ஒன்று கேட்டாய், நான் ஒன்று கேட்டேன். எஸ்டேட்டில் மரத்தடியில் இருக்கிற சாமி, தாய்லாந்துவரை வந்து உன் பேச்சை மட்டும் கேட்டது என்று நீ எப்படிச் சொல்வாய்? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன்னைத் தேற்றுவதற்கு இதைச் சொல்லவில்லை. எனக்கே தேறவில்லை.

கிஷன் விழித்துவிட்டான். போர்வையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மூடிவிட்டான். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட சொல்லுங்க தாத்தா. பழம் இல்லாட்டி நான் செத்திருப்பேன். தலையில ஏறியிருக்கணும், கால்ல ஏறிச்சு" என்றான். நர்சுக்கும் அதைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்கிறான். எலுமிச்சம்பழம், அம்மா, டயர். அவளுக்குப் புரியவில்லை. சிரித்து வைக்கிறாள்.

அவன் அதைச் சொல்லும்போது நான் ஜன்னலைப் பார்ப்பேன். நீ சொல்லாதே என்றால் சாகும்வரை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான் திலகா. நர்ஸ் வந்தாலும் பார்க்கிறான், கூட்டுகிறவள் வந்தாலும் பார்க்கிறான். பழம் கொடுத்த அம்மா ஏன் வரவில்லை என்று அவன் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்ல?

பவனும் வேனில் கிளம்ப வேண்டும். என் மாத்திரையும் முடியப்போகிறது. அறையில் ஒருவர்தான் தங்கலாம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்தால் எழுந்துவிடுவேன்.

அப்பா


தாய்லாந்து
27 அக்டோபர் 2024

அப்பாவுக்கு,

நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று பவன் சொன்னான். மாத்திரை எடுத்தீர்களா? தீபாவளிக்கு நாங்கள் வர முடியாது. பலகாரத்துக்குப் பிரிஜிட் டீச்சர் வீட்டுக்குப் போங்கள், பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

நான் வந்த அன்று நீங்கள் வெளியே நின்றுகொண்டீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. "வந்துட்டீங்களா" என்றான் கிஷன். அவன் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து வாசனையிலும் அவன் முடி அவன் முடியாகத்தான் இருந்தது.

நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்த நர்சிடம் மறுபடியும் பழக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். என்னைக் காட்டி, இவங்கதான், என் அம்மா என்றான். அவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள் அப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன், எல்லாம்.

அவன் கத்தவில்லை. கத்துவான் என்று நினைத்து நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். "அப்ப நீங்க கேட்டது கிடைச்சிடுச்சு" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு என் கையால் ஒன்றும் வாங்கவில்லை. கஞ்சியை நர்ஸ் கொடுத்தால் குடித்தான். நான் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டான். போய்விடுங்கள் என்றும் சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பொய்யோடு அவனுக்குச் சோறு ஊட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். இரண்டையும் தாங்க முடியவில்லை.

இன்று மத்தியானம் அவன் முகம் ஒரு மாதிரி சுளித்தது. பல்லைக் கடித்தான். வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "பாதம் அரிக்குதும்மா" என்றான்.

எந்தப் பாதம் என்று நான் கேட்கவில்லை. எடுத்த கால் இன்னும் இருக்கிற மாதிரி இப்படி அரிக்கும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் போனேன். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. நான் அந்த வெறும் போர்வையில் விரலை வைத்துச் சொறிந்தேன்.

"அங்க இல்ல. இன்னும் கீழ" என்றான்.

கீழே போனேன்.

திலகவதி